நல்ல எண்

“குழாய்க்குள்ள ரத்தத்தப் பாத்து வயித்துக்குள்ள இருக்கிறதச் சொல்லுவியோ? நீ என்ன, சாத்திரக்காரியோ?”

வெள்ளவத்தையில் ஓர் ஆய்வுகூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, பேலியகொடையில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் மாமா, அம்மாவின் அண்ணன், கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்ததே நான்தான். பட்டமும் எடுத்தவள். அந்தக் கேலி எனக்கு உறைக்கவில்லை.

“ஓம் மாமா, சொல்லுவன்” என்றேன்.

இந்த வருடம் அம்மாவின் வயிறு ஊதத் தொடங்கியது. சாப்பாடு இறங்கவில்லை. கருமுட்டைப் பையான சூலகத்தில் ஏதோ இருக்கிறதென்று டொக்டர் சந்தேகப்பட்டு, ஸ்கேனும் ஓர் இரத்தப் பரிசோதனையும் எழுதித் தந்தார். சூலகப் புற்றுநோய் இருந்தால் பெரும்பாலும் இரத்தத்தில் கூடும் ஒரு புரதத்தை அந்தப் பரிசோதனை அளக்கும். ஸ்கேன் செய்வது ஆண் டொக்டர் என்று அம்மா வெட்கப்பட்டுப் போகவில்லை. இரத்தம் மட்டும் கொடுத்தார், எங்கள் ஆய்வுகூடத்திலேயே. எண் குறைவாக, நல்லதாக வந்தது.

எண் நல்லதாக வந்தால் செய்வதாகப் புனிதருக்கு நேர்ந்திருந்தபடி அம்மா அடுத்த செவ்வாய்க்கிழமை அவருடைய கோவில் வாசலில் பசித்தவர்களுக்குப் பாண் பகிர்ந்தார். எங்கள் கொட்டாஞ்சேனை வீடு முழுக்கச் சிரிப்பு. நான் அம்மாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீக்கம் வற்றவில்லை.

பிறகுதான் அலுமாரியில் ஒரு போத்தல் கண்ணில் பட்டது. முடி கொட்டுகிறதென்று அம்மா சொன்னதால் கனடாவிலிருந்து சித்தி அனுப்பிய விற்றமின் குளிசை. முழுக்கப் பயோட்டின், அதுவும் மிகக் கூடிய அளவில். வெளிநாட்டுப் பொதியில் வருவதை எங்கள் வீடுகளில் யாரும் மருந்தாக நினைப்பதில்லை. அது சொக்லேட்டோடும் சவர்க்காரத்தோடும் வருகிற அன்பு. ஆகவே அம்மா டொக்டரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. உடம்பில் பயோட்டின் கூடியிருந்தால், எங்களுடையது போன்ற சில இயந்திரங்கள் அந்தப் புரதத்தை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டிவிடும்.

அன்று பின்னேரம் மாமா வந்ததும், குளிசையை நிறுத்தி மறுபடி இரத்தம் பார்க்கவேண்டும், ஸ்கேனும் எடுக்கவேண்டும் என்று இருவரிடமும் சொன்னேன்.

“நேர்த்தி முடிஞ்சுது. இனித் திரும்பக் குத்திப் பாக்கிறதெண்டா, புனிதர்ட்டப் போய் ‘நீர் பொய் சொல்றீர்’ எண்டு சொல்றதுதானே!”

“பொய் சொன்னது புனிதர் இல்ல மாமா. குளிசை.”

“பாத்தியே தங்கச்சி, படிச்ச வாய! தலைமுடிக் குளிசைக்கு வயித்தில என்னடி வேல?”

“விடு பிள்ள. எனக்குச் சுகம்” என்றார் அம்மா, யாரையும் பார்க்காமல்.

கெஞ்சினேன். கத்தினேன். முன்பின் தெரியாத மனிதர்கள் நான் கொடுக்கும் எண்ணை நம்பிப் பயப்படுகிறார்கள், நிம்மதியாகிறார்கள். அந்த எண் பிழை என்று நான் சொல்வதை என் அம்மா மட்டும் நம்பவில்லை. வேலைக்குப் போகும் பஸ்சில் யன்னல் பக்கம் திரும்பி அழுதேன். குளிசையை நிறுத்தி மறுபடி பார்த்தாலும் எண் நல்லதாகவே வரக்கூடும், நோய் இருந்தும் அந்தப் புரதம் கூடாதவர்கள் இருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும். வயிற்றுக்குள் பார்த்தே ஆகவேண்டும். ஒவ்வொரு நாளும் வீணாகிக்கொண்டிருந்தது.

ஞாயிறு பூசைக்கு உடுத்தும்போது அம்மா அறைக்கதவைச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். பாவாடைக் கயிற்றின் இரு முனைகளும் அவர் கையில் இருந்தன.

“முடிச்சுப் போட எட்டுதில்ல பிள்ள” என்றார். “அண்ணனுக்குச் சொல்லாத.”

மறுநாளே போத்தலைக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டினேன். “அந்த எண்ணை விடுங்கோ, ஸ்கேனைப் பிந்தவிடாதேங்கோ” என்றார். பெண் டொக்டர் ஸ்கேன் செய்யும் இடத்தைத் தேடிப் பிடித்து, நாளைக் காலைக்கு அம்மாவின் பெயரைப் பதிந்துவிட்டேன்.