நானூறு மீற்றருக்கு எத்தனை சுற்று?

பெப்ரவரியின் கடைசிச் சனிக்கிழமை பிக்கரிங்கிலிருந்து ரொறன்ரோவின் வடக்குப் பக்கம் போய்வந்தோம். அங்குள்ள உள்ளரங்கில் மூத்தோர் தடகளப் போட்டி. வெளிநாடுகளிலிருந்தும் ஓட வந்திருந்தார்கள். அறுபத்திரண்டு வயதில் என் கணவர் 400 மீற்றருக்குப் பெயர் கொடுத்துவிட்டார். எனக்கு ஒரே பயம். அவருடைய முழங்காலை நினைத்தல்ல, பழைய கதையை நினைத்து.

இவர் கனடா வந்த புதிதில் உள்ளரங்குப் போட்டி என்றால் ஹொக்கி அரங்கில் மரப்பலகை அடுக்கிய குட்டி ஓடுபாதைதான்; 400க்கு ஒரு சுற்று போதாது. பல நாட்டு வீரர்கள் இறங்குமுன் உள்ளூர்க் கழகங்களுக்கும் ஓர் ஓட்டம் வைப்பார்களாம். யாழ்ப்பாணத்தில் இவர் ஓடிய மைதானத்தில் 400 என்றால் ஒரு சுற்று. அதே நினைப்பில் ஒரு சுற்றை உயிரைக் கொடுத்து ஓடி, முதலாவதாக வந்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டார். மற்றவர்கள் தாண்டிப் போய்க்கொண்டேயிருந்தார்கள்! இன்றைக்கும் கலியாண வீடுகளில் இவருடைய சிநேகிதர் குணம் அண்ணை கையைத் தூக்கிக் காட்டுவார். இவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அன்றைக்கு மட்டும் இவருக்குச் சாப்பாடு இறங்காது.

காலை 8.10க்கு ரெயின். யூனியன் ஸ்டேசனுக்கு முக்கால் மணி நேரம், அங்கிருந்து சப்வேயில் இன்னொரு முக்கால் மணி நேரம். ரெயினுக்குத் தட்டிய கார்ட்டையே தட்டினால் சப்வேக்குத் தனிக்காசு இல்லை.

"இஞ்சாருங்கோ, எத்தினை சுற்று?" ஸ்டேசனுக்கு ஸ்டேசன் கேட்டேன்.

"ரெண்டு! ரெண்டு! விடுமப்பா," என்று எரிந்து விழுந்தார்.

அரங்கில் குணம் அண்ணை முன்வரிசையில் இருந்தார். "தங்கச்சி, இண்டைக்கு எப்ப கை தூக்குவார்?"

"சும்மா இருங்கோ அண்ணை!"

வெடி கேட்டது. முதற்சுற்று முடிகிற இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தது. பக்கத்தில் குணம் அண்ணைதான் எழும்பி, தொண்டை கிழியக் கத்தினார்: "நிக்காதை! ஓடடா, ஓடு!"

இவர் நிற்கவில்லை. ஐந்தாவதாகக் கோட்டைத் தாண்டினார். அப்பாடா! எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் மனுசன் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. நடுவர்கள் கையை ஆட்ட ஆட்ட மூன்றாம் சுற்றையும் ஓடி முடித்துவிட்டுத்தான் வந்தார்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. உள்ளே நல்ல சூடு, தடித்த ஜக்கெற்றுக்குக் கீழே மெல்லிய உடுப்புப் போடுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். பார்வையாளர் உட்காரும் வாங்கு வெறும் பலகை, முதுகு நோகும்.

திரும்பி வரும்போது கேட்டேன், "ஏன் மூண்டு?"

"ஒண்டு குறைஞ்சதுக்கு இவ்வளவு காலம் பகிடி கேட்டாச்சு. கூடினா குணம் என்னெண்டு கேக்கிறான் பாப்பம்."

வீட்டுக்கு வந்து இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார்.