பிரிசெய்தாவின் துடுப்பு

பிரிசெய்தா பனாமா நகரத்தில் படித்துவிட்டு எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்துக்கே டீச்சராகத் திரும்பி வந்தவள். கடல் பாடத்துக்கு அவளுக்குக் கரும்பலகை வேண்டாம். பிள்ளைகளைத் தோணியில் ஏற்றி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பவளப்பாறைக்குக் கூட்டிப்போவாள். துடுப்பின் அகன்ற பக்கத்தைத் தண்ணீரில் அமிழ்த்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்து, பேசாதே. அவ்வளவுதான் பாடம். உயிருள்ள பாறை என்றால் மீன் வறுக்கும் சட்டி மாதிரி படபடவென்று வெடிக்கும். இடுக்குகளில் வாழும் குட்டி இறால்கள் கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம் அது.

பிறகு தோணியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துவாள். தீவின் கரையை உயர்த்த எங்கள் அப்பன்மார் கல் பெயர்த்த பள்ளம் அங்கே இருக்கிறது. துடுப்பில் ஒன்றுமே கேட்காது. அந்த அமைதியைப் பிள்ளைகளால் தாங்க முடியாது, உடனே துடுப்பை வெளியே இழுத்துவிடுவார்கள். என் மகள் நிலிஸ் ஒருநாள் அங்கே போய்விட்டு வந்து, சோறு வேண்டாம் என்று சுருண்டு படுத்தாள்.

"அங்க கீழ யாரோ மூச்சப் புடிச்சிட்டு இருக்காங்கம்மா."

நேராகப் பிரிசெய்தாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "ஏண்டி, பாடம் சொல்லித்தரச் சொன்னா பேய்க்கதை சொல்லியா புள்ளைய மிரட்டுற?"

"நான் வாயே தொறக்கலக்கா. அவளாக் கேட்டது அது," என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடல் ஏறினால் கல்லைப் போட்டு நிரப்புவது எங்கள் வழக்கம். கல் என்றால் பவளக்கல்தான், வேறு கல்லுக்கு எங்கே போவது? அந்த வருஷம் டிசம்பர் காற்றில் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கடைசி வீடு பிரிசெய்தாவுடையது. அவள் சட்டி பானையெல்லாம் மிதந்தன. பள்ளிக்கூடத்துப் பாறையை உடைத்துத் தரையை உயர்த்தலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தது. ஊர்த்தலைவர் கூட்டத்துக்கு நடுவில் கட்டிய தூளியில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். காவல்காரன் வழக்கம்போல, "தூங்காதீங்க!" என்று கத்திக் கண்ணயர்ந்தவர்களை எழுப்பினான். எல்லோரும் சரி என்றோம். அவள் மட்டும் எழுந்து, வேண்டாம் என்றாள்.

"மொதக் கல்லே உன் வீட்டுக்குத்தாண்டி! உப்புத்தண்ணி மண்டைக்கு ஏறிடுச்சா?" என்றேன். கூட்டம் சிரித்தது.

அவள் தலைவரைப் பார்த்தாள். "மாமா, காலைல எங்க வீட்டுக்கு ஒருதரம் வாங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

காலையில் பாதி ஊர் அவள் வீட்டு முன்னால் நின்றது. காற்றே இல்லை. புகுந்த தண்ணீரும் வடிந்திருந்தது. அவள் வீட்டுக்கு நடுவில் மணலைக் கையால் வழித்தாள். அடியில் அவள் அப்பா பரப்பிய பவளக்கற்கள், அவற்றின் இடுக்கில் கறுப்பாகத் தண்ணீர். அதற்குள் துடுப்பைச் செருகினாள்.

தலைவர் குனிந்து காதை வைத்தார். ஊர்க்கூட்டத்தில் பழங்கதைகளை விடிய விடியப் பாடினாலும் களைக்காத மனிதர், காதை மாற்றி வைத்து இன்னொருமுறை கேட்டார். பிறகு துடுப்பை என் பக்கம் சாய்த்தார்.

படபடவென்று கேட்டது. அதே மீன் வறுக்கும் சட்டிச் சத்தம்.

"இது பாறையில்லடி, வீடு," என்றேன் அசடு மாதிரி.

"கடலுக்கு அது தெரியாதுக்கா. வெளிய அதத் தடுத்து நின்ன பாறைய நாம பேத்துக் கொண்டாந்தோம். கடலும் அந்தக் கல்லுக்குப் பின்னாலயே வந்துடுச்சு. மிச்சப் பாறையையும் ஒடச்சா நடுத்தீவுக்கே வந்து படுத்துக்கும்."

பாறையை உடைக்கவில்லை. அவள் வீட்டுக்கு ஒரு கல்லும் விழவில்லை. இப்போது கடல் ஏறும் நாட்களில் கணுக்கால் தண்ணீரில் நின்று அங்கேயே பாடம் நடத்துகிறாள். வருஷத்துக்கு வருஷம் தான் படுக்கும் தூளியை உயர்த்திக் கட்டுகிறாள். அவளை நினைத்து அழுதிருக்கிறேன், அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

என் வீடு நடுத்தீவில், கரையை விட்டு நன்றாக உள்ளே இருக்கிறது. நேற்று மத்தியானம் உட்கார்ந்து மோலா ரவிக்கைக்கு வண்ணத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெட்டித் தைத்துக்கொண்டிருந்தேன். நிலிஸ் துடுப்போடு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் மணலை வழித்தாள். வழிக்க வழிக்க ஈரம் வந்தது, பிறகு கல் வந்தது.

"என்னடி பண்ற?"

"கொஞ்சம் பேசாம இரும்மா."

ஊசியைப் பிடித்தபடியே இருந்தேன். அவள் கைப்பிடியில் காதை வைத்துக் கண்ணை மூடினாள். சத்தம் இல்லையென்றால் இழுத்துவிடுவாள். இழுத்துவிடு, இழுத்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவள் துடுப்பை வெளியே இழுக்கவில்லை.