பாதுகாவலர் கட்டத்தில் ஒரு கையெழுத்து

என் மகள் எடுத்த ஆவணப்படத்தில் நான் மொத்தம் நான்கு நிமிடம் வருகிறேன். அதில் மூன்று நிமிடம் என் முகம் தெரியாது, தலைக்கவசம் போட்டிருப்பேன். படம் திரையிட்டு மூன்று வாரமாகிறது. இன்னும் கடைத்தெருவில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் கை தானாகத் தலைக்குப் போகிறது.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அதிகாரி. வாசலில் நிற்கும் காவலர் என்று உறவினர் பலர் இன்னும் நினைக்கிறார்கள். அது இல்லை. 'தரை ஈரம்', 'கையுறை அணியவும்' என்று பலகை மாட்டுகிறவன் நான். நடந்த விபத்துக்கு ஓர் அறிக்கை, நடக்காமல் தப்பிய விபத்துக்கு ஓர் அறிக்கை எழுதுகிறவன். இருபது வருடத்துக்கு மேலாக நடக்காத விபத்துகளைப் பற்றியே எழுதி வந்தவனுக்கு வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடாது. எங்கள் குளியலறை வாசலில் ஒரு மஞ்சள் பலகை வைத்தேன். மனைவி அதன்மேல் துண்டு காயப்போட்டாள்.

வீட்டில் ஒரே ஒரு விதிதான் உருப்படியாக நடந்தது. அது 'சம்பாய்'. போய்ச் சேர்ந்தாயிற்று என்பதற்கு மலாயில் அந்த ஒரு சொல் போதும். மகள் எங்கே போனாலும், போய் இறங்கியதும் கைப்பேசியில் 'சம்பாய்' என்று போட வேண்டும். வரவில்லையென்றால் நான் 'சம்பாய்?' என்று போடுவேன். கேள்விக்குறி ஒன்றென்றால் கவலைப்படுகிறேன் என்று பொருள். இரண்டென்றால் காடிச் சாவியை, அதாவது கார்ச் சாவியை, கையில் எடுத்துவிட்டேன். மூன்றென்றால் பாதி வழி வந்துவிட்டேன்.

மகளுக்கு இருபத்திரண்டு வயது. ஜார்ஜ் டவுனில் ஒரு கல்லூரியில் திரைப்படம் படிக்கிறாள். கடைசி வருடத்துக்கு ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும். இன்றைய சமூகத்தில் தனிமனித சுதந்திரம் என்பது அவள் எடுத்துக்கொண்ட பொருள். கேட்டதும் பெருமையாக இருந்தது. நம் வீட்டில் அதற்கெல்லாம் குறைவில்லையே, யாரை வைத்து எடுப்பாளோ என்றுகூட நினைத்தேன்.

ஒரு நாள் காலை நான் வேலைக்குப் போகும் வழியில் உள்ள கடல் பாலத்து நெரிசலுக்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும் என்று காலணியை மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு படிவத்தை நீட்டினாள்.

"அப்பா, இந்தப் போராங்ல ஒரு சைன்."

"என்னாது?"

"படத்துக்குத்தான் லா. வீட்ல சும்மா எடுக்கிறேன்ல, நீங்களும் வர்றீங்க. பேரு, வயசு எழுதிட்டு சைன் வச்சிடுங்க."

அவள் முதலாம் வகுப்பில் சேர்ந்த நாள் முதல் எத்தனையோ போராங்கில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மிருகக்காட்சி சாலைக்குப் போக, தடுப்பூசி போட, பள்ளிக்கு வரும் பல் மருத்துவ வண்டியில் வாயைத் திறக்க, எல்லாவற்றுக்கும் அப்பா சம்மதம் வேண்டும். எல்லாப் போராங்கிலும் அடியில் 'பெற்றோர் அல்லது பெஞ்சாகா' என்று ஒரு கட்டம் இருக்கும். பெஞ்சாகா என்றால் பாதுகாவலர். என் பேனாவுக்கு அந்தக் கட்டம் எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும். அன்றும் ஒரு காலில் காலணியோடு எழுதிக் கொடுத்தேன். நானும் படிக்கவில்லை, அவளும் பார்க்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் தலைக்கவசம். லிட்டில் இந்தியாவில் படம் எடுக்கப் போகிறேன் என்று காலையில் போனவளிடமிருந்து 'சம்பாய்' வரவில்லை. ஒரு கேள்விக்குறி போட்டேன். இரண்டு போட்டேன். அங்கே காடி நிறுத்த இடம் கிடைக்காது என்று மோட்டார் சைக்கிளை எடுத்தேன். போனால், ஒரு சேலைக்கடையின் அஞ்சடியில், அதுதான் கடை முன்னால் மக்கள் நடக்கும் கூரை போட்ட பாதை, மூன்று காலில் கேமராவை நிறுத்தி ஒரு தையல்கார அம்மாவைப் பேச வைத்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தாள். கைப்பேசியைச் சத்தமில்லாமல் வைத்திருந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

நான் அப்போதே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் பெண் வேலை செய்கிற அழகைக் கொஞ்சம் பார்க்கலாமே என்று தோன்றிவிட்டது. தலைக்கவசத்தைக் கழற்றாமல் பக்கத்துப் பாத்திரக்கடையின் தூக்குச்சட்டி அடுக்குக்குப் பின்னால் நின்றேன்.

அந்தத் தையல்கார அம்மா பேசியது அப்படியே காதில் விழுந்தது. "லைசென்ஸ் எடுக்க எங்கப்பா விடல. அப்புறம் வீட்டுக்காரரு விடல. அம்பத்திரெண்டு வயசுல எடுத்தேன். இப்ப அவரத்தான் பின்னால உக்கார வச்சு ஓட்டுறேன். கண்ண மூடிக்கிட்டு வர்றாரு."

சிரிப்பை அடக்கியதில் தொண்டை வறண்டது. எதிரே தள்ளுவண்டியில் டீ, காப்பித் தண்ணி விற்றுக்கொண்டிருந்தவரிடம் போய், ஐஸ் போட்ட டீயான தே ஆய்ஸ் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் பொட்டலமாகக் கட்டித் தரச் சொன்னேன். தலைக்கவசக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கி, உறிஞ்சுகுழாயை உள்ளே விட்டுக் குடித்தேன்.

அவர் என்னையே பார்த்தார். "அண்ணே, இங்க மேலருந்து ஒண்ணும் விழாது லா. கழட்டிட்டுக் குடிங்க."

"தலைவலி," என்றேன் மெதுவாக.

"தலைவலிக்கு ஹெல்மெட்டா! எந்த டாக்டர் லா சொன்னாரு?" தெருவுக்கே கேட்டது. மகள் திரும்பினாள். நான் பாத்திரக்கடைப் பக்கம் திரும்பித் தூக்குச்சட்டிகளை விலை கேட்பது போல் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். அவள் மறுபடி கேமராவிடம் திரும்பிக்கொண்டாள். தப்பித்தேன் என்று வீடு வந்து சேர்ந்தேன்.

சாயங்காலம் சாப்பிடும்போது கேட்டாள். "இன்னிக்கு எங்கயும் போகலயாப்பா?"

"இல்லம்மா. வீட்லதான்."

மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே என் தட்டை மட்டும் பார்த்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை மகள் அதே போராங்கோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"என்னா பண்ணி வச்சிருக்கீங்க பாருங்கப்பா."

பார்த்தேன். 'படத்தில் பங்கேற்பவர்' என்ற இடத்தில் அவள் பெயரை எழுதியிருந்தேன். வயது இருபத்திரண்டு. என் பெயரும் கையெழுத்தும் கீழே, பெஞ்சாகா கட்டத்தில் இருந்தன. அதன் தலையில் 'பங்கேற்பவர் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராக இருந்தால் மட்டும்' என்று அச்சிட்டிருந்தது. உறவுமுறை என்ற இடத்தில், யாரும் சந்தேகப்படக்கூடாது என்று, 'தந்தை' என்பதற்கு அடிக்கோடு வேறு.

"லெக்சரர் கிளாஸ்ல படிச்சே காட்டிட்டாங்க. இந்தப் பொண்ணு தன்னையே படம் எடுத்துக்க அவங்க அப்பா பர்மிஷன் குடுத்திருக்காருன்னு. தனிமனித சுதந்திரத்தப் பத்தின படம் லா அப்பா இது!"

"சரி விடு. சரியான எடத்துல இப்ப போட்டுட்டாப் போச்சு. பேனா குடு."

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இல்ல. மொதல்ல படத்தப் பாருங்க. என்னா ஏதுன்னு தெரியாம சைன் வச்சா அது சம்மதம் இல்ல. நீங்க வேணாம்னா வேணாம்தான். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும். குடுக்கலன்னா படத்தப் போட மாட்டாங்க, நான் இன்னொரு செமஸ்டர் இருக்கணும். அது என் பிரச்சின. நீங்க அதப் பாக்காதீங்க." கடைசி வாக்கியத்தில் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துப் பார்த்தோம். மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பார்த்தாள். முதலில் தையல்கார அம்மா. பிறகு, பிள்ளைகள் கூப்பிட்டும் போகாமல் தனி வீட்டில் தன் விருப்பத்துக்கு வாழும் ஓய்வுபெற்ற தபால்காரர். பிறகு, மருத்துவமனைத் தாதியாக ஊர் ஊராக மாறிப் போகிற ஒரு பெண். ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் வருவதற்குள் திரை கறுப்பாகி, 'டிங்' என்று ஓசை வந்து, 'சம்பாய்?' என்று ஒரு சொல்லும், அதன் கீழே நேரமும் தேதியும் வரும்.

"நல்ல உத்திம்மா," என்றேன். மனைவி கீரையைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாவது தடவைதான் அந்த நேரமும் தேதியும் எனக்கு அடையாளம் தெரிந்தது. எல்லாம் நான் அனுப்பியவை. அதில் ஒன்று, அவள் மாடியில் தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தபோது அனுப்பியது. வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று எனக்குத் தெரியாது.

அதோடு விட்டாளா? தையல்கார அம்மா மறுபடி வந்தார். இப்போது படம் மெதுவாக அவருடைய தோளுக்குப் பின்னால் போனது. அங்கே ஒரு தலைக்கவசம் தே ஆய்ஸ் குடித்துக்கொண்டிருந்தது. பிறகு அந்தத் தலைக்கவசம் ஒவ்வொரு தூக்குச்சட்டியாகத் தட்டியது. தட்டிய எல்லாச் சட்டியிலும் அது தெரிந்தது. அடுத்த காட்சியில் நான் எங்கள் வீட்டு மேசையில், முழு முகத்தோடு, "இல்லம்மா. வீட்லதான்" என்றேன். அன்று அவள் கேமராவைப் பழக்கூடை பக்கத்தில் வைத்திருந்தாள். மின்னேற்றத்துக்குத்தான் வைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

கடைசியில் அவள் குரல் மட்டும் வந்தது. "இவர் எதைத் தேடுகிறார் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சும்மா என்பார்."

"வேணாம்," என்றேன். "அந்த ஹெல்மெட்ட எடுத்துரு. மெசேஜ எடுத்துரு. மத்ததுக்கு சைன் வைக்கிறேன்."

"அத எடுத்தா படம் இல்லப்பா."

"பாக்டரில எத்தன பேரு பாப்பாங்க? நான்தான் அவங்களுக்கு ஒழுங்கு சொல்றவன்."

அவள் சண்டை போடவில்லை. "சரிப்பா. அது உங்க உரிமை," என்று மடிக்கணினியை மூடிக்கொண்டு மாடிக்குப் போனாள். கத்தியிருந்தால் நானும் கத்தி முடித்திருப்பேன்.

மனைவிதான் கத்தினாள். "அந்தம்மா, அந்தத் தபால்காரரு, எல்லாம் மூஞ்சியக் காட்டிப் பேசியிருக்காங்க. சைனும் வச்சிருக்காங்க. நீங்க மூஞ்சியவே மூடிக்கிட்டு நின்னீங்க. ஒங்களுக்கு என்னங்க மானம் போகுது?"

வியாழக்கிழமை காலை மகள் என்னிடம் பேசாமலே கிளம்பினாள். நான் தொழிற்சாலையில் ஏணி சோதித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் வந்தது: 'சம்பாய்'. கோபத்தில் இருக்கிறவள், படம் போய்விடும் என்று தெரிந்தவள், அதை மட்டும் நிறுத்தவில்லை. ஏணியிலிருந்து இறங்கி, நிற்கக்கூடாத ஏணிக்கு அடியிலேயே நின்று அதை மறுபடி படித்தேன். யாராவது என்னைப் பார்த்திருந்தால் ஓர் அறிக்கை எழுதியிருக்க வேண்டும்.

அன்று மாலை அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். அவள் பிறந்த வருடம், எங்கள் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பெண் படியில் தவறி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. வீட்டுக்குச் சொல்ல வேண்டியது என் வேலை. பைராம் தோட்டத்தில் இருந்த அந்தப் பெண்ணின் அம்மா போனை எடுத்தார். நான் யார் என்று சொன்னதும், நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள், "வந்து சேந்துட்டாளாங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். கை சரியாகி அந்தப் பெண் வேறு வேலைக்கும் போய்விட்டாள். அந்த அம்மா கேட்ட கேள்விதான் என்னிடமே தங்கிவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து, தொட்டிலில் கிடந்த என் மகளைப் பார்த்தேன். அவள் அன்று எங்கும் போகவில்லை.

மகள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இத ஏன்ப்பா சொல்லவே இல்ல?"

"நீ கேக்கல. கேட்டா நான் சும்மான்னு சொல்வேன்னு நீயே படத்துல சொல்லிட்ட."

"இத ஒரு தடவ கேமரா முன்னால சொல்றீங்களா? ரெண்டே நிமிஷம்."

"அது வேணாம். அது என் உரிமை," என்றேன். அந்த வார்த்தையை என் வாயால் அப்போதுதான் முதல்முறை சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது. "ஹெல்மெட்ட வச்சுக்க. மெசேஜையும் வச்சுக்க. இது மட்டும் வேணாம்."

அதை இங்கே மட்டும் ஏன் எழுதுகிறேன் என்றால், எழுத்தில் முகம் தெரியாது. தலைக்கவசம் மாதிரிதான்.

புது போராங்கை எடுத்தாள். இந்த முறை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். 'பங்கேற்பவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். வயது ஐம்பத்திரண்டு. கையெழுத்து. பெஞ்சாகா கட்டத்துக்குப் பேனா தானாக நகர்ந்தது, நிறுத்திக்கொண்டேன்.

"அத இங்க குடுங்க," என்று மனைவி பேனாவைப் பிடுங்கி, அந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். உறவுமுறை: மனைவி. அடிக்கோடும் போட்டாள்.

"அம்மா! இது பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு லா!"

"இவரத் தனியா விட்டா என்னா நடக்குதுன்னு படத்துலயே காட்டியிருக்க. யாராச்சும் பொறுப்பெடுக்க வேணாமா?"

வெள்ளிக்கிழமை அந்தத் தாளை அப்படியே கொடுத்தாள். அது செல்லும் என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டாராம்.

திரையிட்ட அன்று மண்டபத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். என்னோடு வேலை செய்கிற நான்கு பேர் வந்திருந்தார்கள். தண்ணிக்கடைக்காரரும் வந்திருந்தார், படத்தில் அவர் குரல் வருவதால் அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே, "அண்ணே, தலைவலி தேவலயா?" என்றார். தூக்குச்சட்டிக் காட்சியில் எழுந்த சிரிப்பில் என் நாற்காலி ஆடியது. எதிர்பார்த்ததுதான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

படம் முடிந்து பங்கேற்றவர்களின் பெயர்கள் மேலே ஏறின. தையல்கார அம்மா, தபால்காரர், தாதி. கடைசியில் என் பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'பாதுகாவலரின் அனுமதியுடன்'.

தூக்குச்சட்டிக்கு வந்ததைவிடப் பெரிய சிரிப்பு வந்தது. யார் அந்தப் பாதுகாவலர் என்று முன்வரிசையில் ஆளுக்கு ஆள் திரும்பிப் பார்த்தார்கள். என் பக்கத்தில் மனைவி கையைத் தூக்கினாள்.