சாய்ந்து கேட்கும் முள்ளம்பன்றி

தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறையில் அவள் வெல்டர். தகட்டை வளைத்துப் பற்றவைப்பாள். பற்று சரியாகப் பிடித்திருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்ப்பாள். தட்டித் தட்டியே காது பழகிவிட்டது. கழித்துப் போட்ட தகடுகளில் நல்ல குரல் உள்ளவற்றைப் பட்டறை முதலாளியிடம் கேட்டு வாங்கி, வீட்டுப் பின்னறையில் சேர்த்தாள். தெரு அவளுக்கு ‘டங்கு அக்கா’ என்று பெயர் வைத்தது.

கணவர் முன்னறையில் தையல்காரர். "ஒரு காஜா எடுக்க விடுறியா?" என்று அங்கிருந்தே கத்துவார். அவள் அடுத்த தகட்டைத் தட்டுவாள்.

அந்தத் தகடுகளிலிருந்து பின்னறையில் ஒரு வாத்தியம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. வயிறு பெருத்த இரும்புக் கூடு; முதுகெங்கும் நெட்டையும் குட்டையுமாகக் கம்பிகள். பிசின்பொடி தேய்த்த துணியால் கம்பியை உருவினால் கூடு மெல்ல முனகும். தரை வழியாக அந்த முனகல் உள்ளங்காலில் ஏறும். முள்ளம்பன்றி என்று பெயரிட்டது கணவர்தான். பிடிக்கவில்லை என்பார். ஆனால் அது ஒலிக்கும்போது தையல் மிதியில் அவர் கால் தானாக நின்றுவிடும்.

தைத்த துணியை வாங்க வந்த ஒரு பெண்மணி அந்த முனகலைக் கேட்டாள்.

"உள்ளே யாருங்க வாசிக்கிறது?"

"என் சம்சாரம்."

"என்ன வாத்தியம்?"

"முள்ளம்பன்றி."

அந்தப் பெண்மணி நகரின் கலைக்கூடத்துக்குப் பொறுப்பாளர். உள்ளே போய்ப் பார்த்தவள், தொட்டு வாசிக்கும் சிற்பங்களின் கண்காட்சிக்கு அதைக் கேட்டாள். டங்கு அக்கா உடனே சரி என்றாள். ஆட்கள் வந்து தூக்கியபோதுதான் தெரிந்தது, கூடு கதவை விட அகலம்.

"கதவைப் பார்த்துக் கட்டியிருக்கக் கூடாதா?" என்றார் கணவர்.

"காதைப் பார்த்துக் கட்டினேன்."

சுவரை இடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. கடைசியில் அவளே கூட்டை இரண்டாக அறுத்தாள். அறுத்து முடித்த பிறகும் முகமூடியைக் கழற்றவில்லை.

கலைக்கூடத்தில் பற்றவைக்க அனுமதி இல்லை. போல்ட் போட்டு முடுக்கினார்கள். உருவிப் பார்த்தாள். முனகலோடு மூட்டில் ஒரு ‘கிர்ர்’ சேர்ந்து வந்தது. ரப்பர் வைத்தாள், கிர்ர் போனது, குரலும் போனது. ரப்பரை எடுத்தாள்.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்றாள் பொறுப்பாளர்.

"எனக்கு நல்லாக் கேக்கலையே. திருப்பி அனுப்பிடுங்க."

அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. ஒரு பெண் கம்பியை உருவினாள். அப்போது தபால் கொடுக்க வந்தவர் களைப்பாக, சிற்பம் என்றே தெரியாமல், கூட்டில் முதுகைச் சாய்த்தார். அவர் பாரத்தில் மூட்டு இறுகி, கிர்ர் அடங்கியது. ஒலி கனத்து இறங்கியது.

"ஐயா, சாயாதீங்க!" என்று ஓடிவந்தார் காவலாளி.

"அவரை விடுங்க! அண்ணே, அப்படியே இருங்க" என்றாள் டங்கு அக்கா.

"எலும்பெல்லாம் பேசுதும்மா" என்றார் தபால்காரர், நகராமல்.

தனியாக வாசிக்கத்தான் அவள் அதைச் செய்திருந்தாள். இனி அதற்கு இரண்டு பேர் வேண்டும். அன்று முழுக்க அது அவளுக்கு எரிச்சலாகவே இருந்தது. கிர்ரைச் சரிசெய்ய மறுநாள் போனால், அறிமுகமில்லாதவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: "நீங்க சாயுறீங்களா, நான் சாயட்டுமா?" அவள் மூட்டைத் தொடாமல் திரும்பினாள்.

விடுமுறையன்று கணவரை அழைத்துப்போனாள். அவர் நாலுபக்கமும் பார்த்துவிட்டுக் கூச்சத்துடன் சாய்ந்தார். அவள் நெட்டைக் கம்பியை மெல்ல உருவினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்படி இருக்கு?"

"இடுப்புவலிக்கு நல்லா இருக்கு. இன்னொரு தடவை."

கண்காட்சி முடிந்தும் முள்ளம்பன்றி அங்கேயே தங்கிவிட்டது. பழைய குரல் இது இல்லை என்று அவள் இன்றும் சொல்கிறாள். போல்ட் தளர்ந்ததாகக் கலைக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்பினால், பட்டறை முடிந்ததும் ஸ்பானரோடு போய் முடுக்குவாள். சரிபார்க்க யாராவது வேண்டுமே என்று, நிற்பவரில் ஒருவரைச் சாயச் சொல்வாள். சில நாள் ஸ்பானரைக் கீழே வைத்து, உருவும் துணியை அவர் கையில் கொடுத்துவிட்டு, தானே சாய்ந்துகொள்வாள்.