மேற்கே பார்த்து நிற்கும் மோட்டார் சைக்கிள்

என் கணவருக்கு மோட்டார் சைக்கிளை வந்தபடியே நிறுத்தத் தெரியாது. வாசலில் இறங்கி, மூச்சு வாங்கத் தள்ளித் திருப்பி, கடலுக்கு முதுகும் மேற்கே அம்பாறைக்கு முகமுமாக வைத்தால்தான் வீட்டுக்குள் கால் வைப்பார். பெற்றோலும் குறைய விடமாட்டார். நான் மயங்கி விழுந்தால்கூட முதலில் பைக்கைத் திருப்பிவிட்டுத்தான் என்னைத் தூக்குவார் என்று அயலில் சொல்லிச் சிரிப்பேன்.

சிரிப்பேனே தவிர, காரணம் எனக்குத் தெரியும். எங்கள் ஊர் வழக்கப்படி உம்மா தன் வீட்டை எனக்குச் சீதனமாகத் தந்துவிட்டு, அதே வளவில் பின்னால் ஒரு சின்ன வீட்டில் இருந்தார். கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் பழைய பைக் கடலைப் பார்த்து நின்றது. ஒடுங்கிய ஒழுங்கை மணலில், ஓடி வருகிற சனத்துக்குள், உம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொள்ள என் கணவர் அதைத் திருப்பி முடிப்பதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. நானும் அவரும் பக்கத்து வீட்டு மாடிப்படியில் தொற்றிக்கொண்டோம். உம்மாவைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. அதைப் பற்றி என் கணவர் ஒருநாளும் கதைத்ததில்லை. "உங்கள்ல பிழையில்ல" என்று சொல்ல நான் வாயெடுத்தாலே அவருக்குச் சந்தையில் ஏதோ அவசர வேலை வந்துவிடும்.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம், அவர் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும், மலைநாட்டுக்குப் போவோம் என்று பிடிவாதம் பிடித்தேன். கடல் கண்ணில் படாத ஓரிடத்தில் நிறுத்தி வைத்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும். அவரிடம் மட்டும், மலை பார்க்க ஆசை என்றேன்.

"பைக்லயா? இடுப்பு கழண்டு போயிரும் புள்ள."

"வேன்ல போனா, வேன்காரன் எந்தப் பக்கம் பாத்து நிப்பாட்டுவானோ தெரியாதே" என்றேன். மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்.

காரைதீவுச் சந்தியில் திரும்பி, மாவடிப்பள்ளி தாண்டி, வயல்களுக்கு நடுவே ஓடினோம். அந்த ஞாயிறுக்குப் பிறகு, கடல் திரும்ப வருகிறது என்ற பொய்க்கதையைக் கேட்டுப் பலமுறை தலைதெறிக்க ஓடிய பாதை அது. ஒவ்வொரு முறையும் சம்மாந்துறையில் நின்று, வெட்கப்பட்டுத் திரும்பியிருக்கிறோம். இந்த முறை நிற்கவில்லை. அம்பாறைக்கு அப்பால், யுத்த காலத்தில் சோதனைச் சாவடி இருந்த இடத்தில், குறுக்கே நின்ற மாட்டுக்காக அவர் பைக்கை நிறுத்தினார். நான் பழக்கதோஷத்தில் இறங்கி, கைப்பையைத் திறந்து பிடித்தபடி நடக்கத் தொடங்கிவிட்டேன்.

"அடையாள அட்டையக் காட்டு புள்ள, மாடு பாத்துட்டு நிக்கிது" என்றார். அதையே சொல்லிச் சொல்லி மொனராகலை வரைக்கும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்ல என்ற மலையூரில் நாங்கள் தங்கிய விடுதியின் முற்றம் ஒரு பாய் விரிக்கத்தான் காணும். அதற்குள்ளும் முன்னும் பின்னும் தள்ளி, பைக்கை மேட்டுப் பக்கம் திருப்பி வைத்தார்.

"இஞ்சேருங்க, கடல் இஞ்ச ஏறி வாறதுக்கு ரெண்டு நாள் எடுக்கும். நடுவில தேத்தண்ணிக்கு நிண்டா மூணு நாள்."

"ஓம் ஓம், நீ உன்ட தேத்தண்ணியக் குடி."

மறுநாள் விடியவே புறப்பட்டு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனோம். பைக்கை வாசலில் விட்டுவிட்டு (திருப்பித்தான்) புல்வெளிக்குள் நடந்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் காற்றும்தான். குளிரில் என் பல் கிட்டியது. அவர் பையிலிருந்து தான் உடுக்கும் சாரனை எடுத்து என் கழுத்தில் சுற்றிவிட்டார். அந்தக் கோலத்தோடு உலக முடிவு என்கிற மலை விளிம்புக்குப் போய் நின்றேன். இதுதான் இடம் என்று தொண்டையைச் செருமினேன். அந்த நேரம் பார்த்துப் பனிமூட்டம் விலகியது. தெற்கே, அடிவானத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு.

"அது என்ன?" என்றார்.

"வயலாக்கும்" என்றேன்.

"கடல்" என்றார்.

அத்தனை உயரம் ஏறி வந்தும் அது எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. இனி எந்த இடத்தைத் தேடுவது? அவர் பைக் இருந்த பக்கம் திரும்பினார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்டைக்கு பைக் எந்தப் பக்கம் பாத்து நிண்டிருந்தாலும் உம்மா வந்திருக்க மாட்டா. உம்மாட ஹயாத்து அவ்வளவுதான். உங்கள்ல ஒரு பிழையும் இல்ல. நான் ஒருநாளும் அப்பிடி நினைக்கல்ல."

அவர் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒருநாளுமா?"

"ஒருநாளும்."

சாரன் நுனியை இழுத்து முகத்தைத் துடைத்தார். அது என் கழுத்தில் இருந்ததால் நானும் கிட்டப் போகவேண்டியதாயிற்று. இருவரும் அழுதோம்.

மூன்றாம் நாள் பின்னேரம், அசர் தொழுகை நேரம் வீடு வந்து சேர்ந்தோம். அவர் நேரே வந்து, வந்தபடியே, கடலைப் பார்த்து நிறுத்தினார். உள்ளே போய் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டார். வாசல் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. நான்தான் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலை எட்டி எட்டிப் பார்த்தேன். இத்தனை வருஷமும் எனக்கும் சேர்த்து அவர்தான் பயந்திருக்கிறார். அந்தத் தைரியத்தில்தான் நான் ஊரெல்லாம் சிரித்துத் திரிந்திருக்கிறேன்.

தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, சத்தம் போடாமல் வெளியே போனேன். மூச்சு வாங்கத் தள்ளி, பைக்கை மேற்கே திருப்பி வைத்தேன்.

"பெற்றோல் இரிக்கா எண்டும் பாரு புள்ள" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மூடியைத் திறந்து பார்த்தேன்.