நைனா சொன்ன ‘அவசரம் லேது’

எங்கள் நைனா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவர் படத்துக்கு விளக்கேற்ற வந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவர் கையிலும் இந்தச் சிறு நினைவு மலரைக் கொடுத்து வணங்குகிறோம். படத்தின் கீழே ‘பில் கலெக்டர், நகராட்சி, ஓய்வு’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘வருவாய்ப் பிரிவு அலுவலர்’ என்று கொஞ்சம் கௌரவமாகப் போடலாமே என்று அச்சகத்தில் என் தம்பி கேட்டான். நைனா உயிரோடு இருந்திருந்தால் அச்சகத்துக்காரர் முன்னாலேயே அவனை ஒரு பிடி பிடித்திருப்பார். வீடு வீடாகப் போய் வரி கேட்டு வாங்கியவர் அவர். அதில் வெட்கப்பட எதுவும் இருப்பதாக அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை.

இதை நான் எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நைனாவின் ஒரே தம்பி, திருத்தணியில் இருக்கும் எங்கள் சின்ன நைனா, சுடுகாட்டிலிருந்து நேரே ரயிலுக்குப் போனவர். கருமாதிக்கு வரவில்லை. இந்த ஓராண்டில் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவும் இல்லை. அதற்குக் காரணம் நான். உறவில் பலருக்கும் விஷயம் அரைகுறையாகத் தெரியும். முழுவதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கு, சித்தூரில் வீட்டு வரியை ஏற்றிய ஒரு வருடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நைனா பிறந்தது நகரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். வேர்க்கடலையும் கொஞ்சம் கரும்பும் போட்ட குடும்பம். தாத்தா காலமானபோது நைனாவுக்குப் பதினைந்து வயது, சின்ன நைனாவுக்கு ஆறு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, சித்தூர் நகராட்சியில் பியூன் வேலைக்குச் சேர்ந்து, பிறகு பில் கலெக்டர் ஆனார். தம்பியைத் தன்னோடு வைத்துக்கொண்டு படிக்க வைத்து, ஆசிரியர் பயிற்சி முடிக்கச் செய்து, திருத்தணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்த்தி வைத்த பிறகுதான் தனக்கென்று இரண்டாவது சட்டை தைத்துக்கொண்டார் என்று அம்மா சொல்வார். அம்மா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். இதில் எவ்வளவு கூடுதல் என்று எனக்குத் தெரியாது.

ஆந்திர மாநிலம் பிறந்ததும் ஆபீசில் நோட்டீசுகள் தெலுங்குக்கு மாறின. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெலுங்கு பேசுவது புதிதில்லை. ஆனால் நாங்கள் பேசுவது தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடியும், தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடியும். சந்தையில் அது போதும். ஆபீசுக்கு அது போதாது என்பது பின்னால்தான் நைனாவுக்குத் தெரிந்தது.

நான் சொல்ல வந்த அந்த வருடம் அடைமழையில் எங்கள் தெருவில் பல வீடுகளுக்குச் சுவர் விழுந்துவிட்டது. அதே வருடம்தான் வீடுகளைப் புதிதாக மதிப்பிட்டு வரியை ஏற்றினார்கள். குடியிருக்கும் சொந்த வீட்டுக்காவது ஒரு வருடம் வரியைக் குறையுங்கள் என்று தெருவே மனு எழுதியது. அதில் முதல் கையெழுத்து எங்கள் அம்மாவுடையது. வீடு அவர் பிறந்த வீட்டில் கொடுத்தது, அவர் பெயரில் இருந்தது. பில் கலெக்டர் வீட்டிலேயே மனு. நைனாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போது அம்மா ஆரம்பித்துவிடுவார்.

“செவுரு உழுந்த வூட்டுக்கு வரிய ஏத்திக்கினு வந்து நிக்கறீங்களே, உங்களுக்கே நல்லா கீதா? நம்ம தெருவுக்குக் கெணறு கீது. கொழா போடறோம் கொழா போடறோம்னா, நமக்கு இன்னாத்துக்கு அது?”

“கொழா நமக்கில்ல. மலையோரம் கீறவங்களுக்கு. ஒரு கொடம் தண்ணிக்கு இம்மாந்தூரம் நடந்துக்கினு வராங்க, நீயும்தான் பாக்கறியே.”

“நடக்கட்டும்னு நான் சொன்னனா? உழுந்த செவுத்த எடுத்து நிறுத்தறேன், அப்பறம் கேளுங்கன்னுதான் சொல்றேன்.”

மலையோரத்தில் நகராட்சியின் துப்புரவுத் தொழிலாளர்கள் குடியிருந்தார்கள். ஊரைக் கழுவுகிறவர்களுக்குக் கழுவத் தண்ணீர் இல்லை. அந்தக் குழாய்க்கு வேண்டிய பணம் வீட்டு வரியிலிருந்துதான் வர வேண்டும். வேறு வழியே நகராட்சிக்கு இல்லை. இது நைனாவின் கட்சி. அம்மாவின் கட்சி நீங்கள் கேட்டதுதான். நைனா ஒரு நாள் சலித்துப்போய், “வூட்டுக்காரன் கேக்கறதும் நாயம், ஊரு கேக்கறதும் நாயம். ரெண்டு நாயத்துக்கும் நடுவுல சைக்கிள் மிதிச்சிக்கினு போறவன் நானு” என்றார். நான் இப்போது திருப்பதியில் சொந்த வீட்டுக்காரி. பில் வந்தால் அம்மா மாதிரி பேசுகிறேன், தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் நைனா மாதிரி பேசுகிறேன். இருவரில் யார் சரி என்று எனக்கு இன்றுவரை முடிவாகவில்லை.

மனு கௌன்சிலுக்குப் போனது. முடிவு வரும்வரை மனு போட்டவர்களை நெருக்க வேண்டாம் என்று மேலே இருந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நைனாவிடம் வாய்வார்த்தையாகச் சொன்னார். அதைத் தெருவில் சொல்லும் பொறுப்பு நைனாவுடையது. எதிர்வீட்டில் சுப்பம்மா என்று ஒரு தெலுங்கு அம்மாள், கணவர் இல்லாதவர், இட்லி வியாபாரம் செய்து பிழைத்தவர். கையில் பில்லோடு வாசலில் நின்றிருந்தார். நைனா சைக்கிளை விட்டு இறங்காமலே, “இப்புடு அவசரம் லேதம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இங்கேதான் எல்லாம் கெட்டது. தமிழில் அவசரம் என்றால் வேகம், உடனே ஆக வேண்டியது. தெலுங்கில் அதே அவசரத்துக்குத் தேவை என்று பொருள். நைனா சொன்னது, இப்போது கட்டச் சொல்லி அவசரப்படுத்தவில்லை என்று. சுப்பம்மா கேட்டது, இப்போது கட்டத் தேவையே இல்லை என்று. நம் அவசரத்துக்குத் தெலுங்கில் ‘தொந்தர’ என்று ஒரு சொல் உண்டு. அதைச் சொன்னால் ஏதோ தொந்தரவு இல்லை என்று சொல்வதுபோல நம் வாய்க்குக் கூச்சமாக இருக்கும். அதனால்தான் நைனா அதைத் தவிர்த்திருப்பார்.

சுப்பம்மா சும்மா இருக்கவில்லை. வரி ரத்தாகிவிட்டது, பில் கலெக்டரே சொன்னார் என்று தெரு முழுக்கச் சொன்னார். தமிழ் வீட்டுக்காரர்களும் சந்தோஷமாக நம்பினார்கள். எல்லைப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. சித்தூர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாதபோது யாருக்கு எதற்குக் கட்டுவது என்று ஏற்கெனவே கையைக் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இது வசதியாகப் போயிற்று.

கௌன்சில் கூடியது. குழாய் வேலையை நிறுத்த முடியாது, ஆகவே அந்த வருடம் சலுகை இல்லை என்று முடிவானது. அதற்குள் கெடு தாண்டிவிட்டது. வரியோடு அபராதமும் சேர்த்துக் கட்ட வேண்டும், கட்டாத வீட்டில் பாத்திரம் பண்டத்தை எடுத்து வரலாம் என்று ஜப்தி வாரண்டு நைனாவின் கையிலேயே கொடுக்கப்பட்டது. முதல் வீடு சுப்பம்மாவுடையது. எடுப்பதற்கு அங்கே இருந்தது ஒரே ஒரு பித்தளை அண்டா, இட்லி வேகிற அண்டா.

கூடப் போன பியூன் அண்டாவைத் தூக்கியபோது சுப்பம்மா அழவில்லை, சண்டை போடவில்லை. நைனாவைப் பார்த்து, “மீரே கதா செப்பினாரு, பன்னு அவசரம் லேதனி?” என்றாராம். நீங்கள்தானே சொன்னீர்கள், வரி தேவையில்லை என்று.

அந்தக் கேள்வி காதில் விழுந்த பிறகுதான் தன் வாய் என்ன செய்திருக்கிறது என்று நைனாவுக்கு உறைத்தது. அண்டாவைக் கீழே வைக்கச் சொன்னார். வாரண்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குத் திரும்பினார். அவர் பேசாமல் இருந்திருக்கலாம். வாய்வார்த்தைக்குச் சாட்சி இல்லை. அந்த அம்மாள் பொய் சொல்கிறார் என்று ஒரு வரி எழுதியிருந்தால் வேலைக்கு எந்த ஆபத்தும் இல்லை. அவரோ உட்கார்ந்து, எழுத்துக்கூட்டித் தெலுங்கிலேயே ஒரு காகிதம் எழுதினார். அதன் நகலை அம்மா கடைசிவரை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். தமிழில் அதன் சாரம் இது: வரியை அவர்கள் கட்டுவார்கள், அது ஊருக்குச் சேர வேண்டியது. அபராதத்தை அவர்களிடம் கேட்பது நியாயமில்லை. சொல் என்னுடையது, அபராதமும் என்னுடையது.

இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு, “ஏமய்யா, நீ அரவம் ஊரந்தா முஞ்சிந்தே!” என்றாராம். அரவம் என்று அங்கே தமிழைச் சொல்வார்கள். உன் தமிழ் ஊரையே முழுக அடித்துவிட்டதே என்று அர்த்தம். வேலை போகவில்லை. சம்பள உயர்வை ஒரு வருடம் நிறுத்தினார்கள். தெருவின் அபராதம் முழுவதும் நைனாவின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடிக்கப்பட்டது.

வீட்டில் அம்மா என்ன செய்யப்போகிறாரோ என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். அவர் மறுநாள் காலையில் தலைவாரிக்கொண்டு, எங்கள் வீட்டு பில்லை எடுத்துக்கொண்டு, தானே நகராட்சிக்குப் போய்க் கட்டிவிட்டு வந்தார். வந்து ரசீதை நைனா முன்னால் வைத்து, “வரி ஊருக்கு. அபராதம் உங்க நாக்குக்கு” என்றார். நைனா சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்தது அன்று ஒரு நாள்தான்.

எல்லை முடிவாகித் திருத்தணி சென்னை மாநிலத்தோடு போனது. நகரியும் சித்தூரும் ஆந்திராவிலேயே நின்றன. அண்ணன் ஒரு மாநிலம், தம்பி ஒரு மாநிலம். சின்ன நைனா சித்தூருக்கே வந்து, “மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்துட்டு எங்க பக்கம் வந்துடு அண்ணா. உன் தமிழ யாரும் கேலி பண்ணமாட்டாங்க” என்று கெஞ்சினார். நைனா, “அபராதம் இன்னும் பாக்கி கீதுடா. இப்ப வந்தா ஓடிப்பூட்டான்னு பேசுவாங்க” என்று சொல்லிவிட்டார். பாக்கி தீர்ந்தபோது மலையோரத்தில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கடுத்த மதிப்பீட்டில் சுவர் விழுந்த வீடுகளுக்கும் கொஞ்சம் குறைத்தார்கள். நைனா சித்தூரிலேயே இருந்துவிட்டார். அவசரம் என்ற சொல்லை மட்டும் அதன் பிறகு எந்த மொழியிலும் அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டதில்லை. ‘நிதானமா’ என்பார், ‘சட்டுனு’ என்பார். நாங்கள் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால், “அது எந்தச் சொல்லு? தமிழா, தெலுங்கா?” என்று கேட்டு எங்களைத் திணற அடிப்பார்.

ஓய்வு பெற்று, அம்மாவும் போன பிறகு, திருப்பதியில் என்னோடு வந்து தங்கினார். என் வீட்டு வரியைக் கட்டுவது அவர் வேலை. கவுண்டர் திறப்பதற்கு முன்பே போய் நிற்பார். கண் மங்கிய பிறகும் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

போன வருடம் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஐந்தாம் நாள், புதன்கிழமை, டாக்டர் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாக, “இக ஆ இஞ்செக்ஷன்லு அவசரம் லேதம்மா” என்றார். இத்தனை வருடம் திருப்பதியில் வாழ்ந்தவள் நான். இந்த ஒரு சொல்லின் கதையைக் கேட்டே வளர்ந்தவள். அன்று எனக்கு அது தமிழாகவே கேட்டது. ஊசிக்கு அவசரமில்லை என்றால் உடம்பு தேறிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனம் ஆசைப்பட்டது, காது அதற்கு ஒத்துப்போய்விட்டது. டாக்டர் மேல் ஒரு தவறும் இல்லை. இனி ஊசி தேவையில்லை, பயனில்லை என்றுதான் அவர் சொன்னார் என்பது நைனா போன பிறகுதான் எனக்கு உறைத்தது. வெளியே வந்து திருத்தணிக்குப் போன் செய்தேன். அன்று மாலை ரயிலுக்கே கிளம்பி நின்ற சின்ன நைனாவை, “அவசரமில்ல சின்ன நைனா, ஞாயித்துக்கெழம நிதானமா வாங்க” என்று நிறுத்தினேன்.

நைனா வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டார். வியாழன் முழுவதும், “அவன் வந்துட்டானா?” என்று மூன்று முறை கேட்டார். வந்துகொண்டிருக்கிறார் என்று நான் பொய் சொன்னேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

சின்ன நைனா உடலைத்தான் பார்த்தார். என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: “நீதானம்மா சொன்ன, அவசரமில்லன்னு?” அன்று சுப்பம்மா கேட்ட அதே கேள்வி.

ஆஸ்பத்திரியில் எங்களோடு விழித்திருந்த தாதிக்கும், கேட்காமலே வண்டி அனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும், நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வந்து கடைசிக் காரியங்களைத் தோள் கொடுத்து நடத்திய பங்காளிகளுக்கும், தகவல் தெரிந்து சித்தூரிலிருந்து வந்து நின்ற சுப்பம்மாவின் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் நன்றியோடு கைகூப்புகிறது.

சின்ன நைனாவுக்கு மட்டும் நன்றி சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை. அன்று நைனா ஆபீசுக்கு எழுதிய காகிதத்தையே நானும் அவருக்கு எழுதுகிறேன். சொல் என்னுடையது, அபராதமும் என்னுடையது. என் தம்பியின் மேல் கோபம் வேண்டாம், டாக்டரின் மேல் வேண்டாம். இந்த மலரின் முதல் பிரதியைத் தம்பி திருத்தணிக்குக் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுப்பான். வாங்கிக்கொண்டு அவனோடு அடுத்த ரயில் ஏறி வாருங்கள். தமிழில் எடுத்துக்கொண்டாலும் சரி, தெலுங்கில் எடுத்துக்கொண்டாலும் சரி, சின்ன நைனா, நீங்கள் வருவது அவசரம்.

இப்படிக்கு,
மூத்த மகள்