இரண்டு கார்புரேட்டரும் ஓர் இரவுக் காவலாளியும்

அந்தத் தெருவில் ஸ்பேனர் அக்காவிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. "வண்டியை எந்த மெக்கானிக்கிட்ட விட்டு ரெடி பண்ணீங்க?" தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டவர் அன்றைக்கு வைத்திருந்த மற்ற வேலைகளை மறந்துவிட வேண்டியதுதான். அக்கா அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் வீட்டை ஒட்டிய ஷெட்டில் நிறுத்துவாள். முன் பம்பரில் ஆரம்பித்துப் பின் விளக்கு வரைக்கும் ஒன்றுவிடாமல் காட்டுவாள். "என் கை படாத ஒரு திருகுகூட இதுல கிடையாது" என்று அவள் முடிக்கும்போது வந்தவருக்குக் கால் கடுத்துப்போயிருக்கும்.

பெருமையா என்றால் பெருமைதான். பின்னே, இருக்காதா? அந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை அவள் வாங்கிவந்த நாளில் அதைக் கார் என்று சொன்னது அவள் ஒருத்திதான். இரண்டே இருக்கை. அதில் ஒன்றுக்கு அடித்தட்டு இல்லை, உட்கார்ந்தால் கால் தரையில் படும். கான்வாஸ் கூரை கந்தல். கதவைத் திறந்தால் கதவு கையோடு வந்தது. ஏற்றிவந்த லாரிக்காரர், "இதை எங்கம்மா கொட்டணும்?" என்று கேட்டார். அவள் அசரவில்லை. துணி ஆலையில் நெசவுப் பிரிவு மேற்பார்வையாளர் அவள். வேலை நேரம் போக மீதியெல்லாம் ஷெட்தான். துருப்பிடித்த தகட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைக்க வெல்டிங் கற்றுக்கொண்டாள். ஆரம்பத்தில் ஒட்டியதைவிட ஓட்டை போட்டதுதான் அதிகம். கடையில் வாங்கிய எந்த ஸ்பேனரும் அந்த போல்ட்டுகளில் உட்காரவில்லை. மில்லிமீட்டரும் இல்லை, வழக்கமான இஞ்சும் இல்லை, அந்தக் காலத்து இங்கிலாந்துக்காரர்கள் தங்களுக்கென்று தனியாக ஓர் அளவு வைத்துக்கொண்டு உலகத்தின் உயிரை வாங்கியிருக்கிறார்கள். அந்த அளவு ஸ்பேனர்களைப் பழைய இரும்புக் கடைகளில் சல்லடை போட்டுத் தேடி ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். பட்டப்பெயர் அப்போது ஒட்டிக்கொண்டதுதான்.

இத்தனை சத்தத்தையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்க வேண்டியிருந்தவர் அவள் கணவர். சரக்குக் கிடங்கு ஒன்றில் இரவுக் காவலாளி. ஊர் எழுந்திருக்கிற நேரத்தில் வீட்டுக்கு வந்து படுப்பார். படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே ஷெட். "ஊர்ல எல்லாப் பொண்டாட்டியும் வாயாலதான் புருஷன் தூக்கத்தைக் கெடுப்பாங்க. எம் பொண்டாட்டிக்கு அதுக்கு நாலு சிலிண்டர் வேண்டியிருக்கு" என்று கிடங்கில் சொல்லிச் சிரிப்பார். வண்டியை ஒரு நாளும் தொட்டதில்லை. ஏறி உட்காருங்கள் என்று அவள் கூப்பிட்டபோதும், "அதுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது" என்று நகர்ந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய கார் சங்கத்தின் மலை ஓட்டம். வருடாவருடம் அக்காவும் போவாள், யாராவது ஒருவருடைய காரின் பின் இருக்கையில். முட்டி இடிக்க உட்கார்ந்துகொண்டு, "அடுத்த தடவை என் வண்டியில" என்பாள். மற்றவர்களும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். இந்த வருடம் வண்டி முழுசாக முடிந்துவிட்டது. கரும்பச்சை வண்ணத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. இரண்டு கார்புரேட்டர்களும் தேய்ந்து காற்று ஒழுகின என்று கழற்றிப் புதுப்பித்திருந்தாள். அவற்றைத் திரும்ப ஒன்றுக்கொன்று சமமாக்க வேண்டும்.

அந்த எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்க இரண்டு கார்புரேட்டர். முன்னது இரண்டு சிலிண்டருக்கு, பின்னது இரண்டு சிலிண்டருக்கு. ஒன்று அதிகமாக இழுத்து மற்றது குறைவாக இழுத்தால், ஒத்துவராத இரண்டு மாடுகளை ஒரே வண்டியில் பூட்டிய கதைதான். சமதரையில் எப்படியோ சமாளித்துவிடும், மலை ஏற்றத்தில் மானம் போகும். சமமாக்கும் வழி எளிது. ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயருகே பிடித்தால், காற்று உள்ளே போகிற 'ஸ்ஸ்' கேட்கும். இரண்டிலும் அந்த 'ஸ்ஸ்' ஒரே மாதிரி ஆகும்வரை திருகைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான்.

அக்கா எஞ்சினை முடுக்கிவிட்டுக் குழாயை வைத்தாள். முன்னதில் ஒன்றும் கேட்கவில்லை. பின்னதிலும் கேட்கவில்லை. குழாயில் அடைப்பு என்று நினைத்து ஊதிப் பார்த்தாள். வேறு குழாய் வெட்டினாள். வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினாள். எஞ்சினின் 'தடதட' கேட்டது, 'ஸ்ஸ்' மட்டும் இல்லை. குழாயின் முனையில் விரலை வைத்தால் காற்று விரலை உறிஞ்சியது. காற்று இருந்தது. காதுதான் இல்லை.

நெசவுப் பிரிவில் தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசுவார்கள். வீட்டிலும் கடையிலும் தான் அப்படித்தான் சமாளித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கே கொஞ்ச நாளாகத் தெரியும். தெரிந்தும் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் இது இவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நினைக்கவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

வேறு வழி இல்லாமலும் இல்லை. காற்றின் அளவைக் காட்டுகிற அளவுமானி ஒன்று சங்கச் செயலாளரிடம் இருந்தது. போன கூட்டத்தில் அவர் அதை வெளியே எடுத்தபோது, "காது கேக்காதவங்களுக்குத்தான் சார் அதெல்லாம்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரிக்கவைத்தது யார்? இதே அக்காதான். இப்போது எந்த முகத்தோடு போய் அதைக் கேட்பது? கேட்டு வாங்கினாலும் அது காற்றைத்தான் அளக்கும். பெட்ரோல் சரியா என்று எஞ்சினின் குரலை வைத்துத்தான் சொல்ல முடியும். அதற்கும் காது வேண்டும்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு மாலை ஷிப்ட். காலையெல்லாம் ஷெட்டில் குட்டி போட்ட பூனையாகச் சுற்றினாள். எஞ்சின் மேல் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து, அலையடிக்கிறதா என்று பார்த்தாள். மட்கார்டில் உள்ளங்கையை வைத்து அதிர்வை எண்ணிப் பார்த்தாள். முன் திருகைத் திருப்பினால் நடுக்கம் கூடியது, பின்னதைத் திருப்பினால் எஞ்சின் அணைந்தது. சனிக்கிழமை காலையில் ஷெட் வாசலில் நிழல் விழுந்தது. கலைந்த தலையும் சிவந்த கண்ணுமாகக் கணவர் நின்றிருந்தார்.

"ஒரு வாரமா என்ன பண்றே? பின்னாடி இருக்கிறது மூச்சு வாங்குதே, தெரியலையா?"

அவள் உதட்டைப் படித்துவிட்டாள். படித்ததை நம்ப முடியவில்லை. "பின்னாடி இருக்கிறது எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இத்தனை வருஷமா மேலே படுத்துக்கிட்டு வேற என்ன பண்றேன்? முன்னாடி இருக்கிறது ஜன்னல் பக்கம். பின்னாடி இருக்கிறது செவுத்துப் பக்கம். செவுத்துப் பக்கம் இருக்கிறது இழுத்துக்கிட்டுக் கிடக்கு."

ராத்திரி முழுக்க எலி எங்கே சுரண்டுகிறது, பூட்டை யார் தொடுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டே சம்பளம் வாங்குகிறவர். அந்தக் காது பகலில் மட்டும் சும்மா இருக்குமா? அக்காவுக்கு இது ஒரு நாளும் உறைத்ததில்லை. குழாயைக் கீழே வைத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எனக்குக் கேக்கலைங்க. காது போயிடுச்சு."

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"ரொம்ப நாளா. நான் எதுக்கு எப்பவும் உன் முன்னாடி வந்து நின்னு பேசறேன்னு நினைச்சே? உன் அழகைப் பார்க்கவா?"

"அப்படித்தான் நினைச்சேன்" என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, அதையும் சேர்த்துக்கோ. குழாயைக் குடு. ஆனா திங்கக்கிழமை காது டாக்டர்கிட்ட போறோம். அதுல பேச்சு கிடையாது."

அதற்குப் பிறகு நடந்ததை எதிர்வீட்டுக்காரம்மா வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். வண்டியோடு பேச்சுவார்த்தை இல்லாத மனிதர் அதன் வாயில் குழாயை வைத்துக் குனிந்து நிற்கிறார். அக்கா ஸ்க்ரூடிரைவரோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "இதுல அதிகம்" என்பார், அவள் அரைச் சுற்று குறைப்பாள். "இப்போ அதுல." "கொஞ்சம்." "ஐயோ, ரொம்பப் போயிட்டே, திரும்பி வா." ஒரு கட்டத்தில் குழாயை முன்னும் பின்னும் மாற்றி மாற்றி வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார். "ரெண்டும் ஒண்ணு."

அடுத்தது பெட்ரோல். கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்ன ஊசி இருக்கிறது. அதை மெல்ல மேலே தள்ளினால் எஞ்சினின் குரல் மாறும். ஏறிக்கொண்டே போனால் பெட்ரோல் அதிகம், இருமி அணைந்தால் குறைவு, லேசாக ஏறிப் பழையபடி வந்தால் சரி. அவள் இதைச் சொல்லிவிட்டு ஊசியைத் தள்ளினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இருமியது, சரிசெய்தாள். ஏறியது, சரிசெய்தாள். கடைசியில் அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

"என்னங்க?"

"இதான். வண்டி முதல் தடவை ஒழுங்கா ஓடுச்சே, அந்த வாரம் இருந்த சத்தம். அந்த வாரம்தான் நான் நல்லாத் தூங்கினேன்." சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டார். "ஓடட்டும், அணைச்சிடாதே" என்று சொல்லி மாடிக்குப் போனார். அக்கா டம்ளரைப் பார்த்தாள். தண்ணீர் அசையாமல் நின்றது.

மறுநாள் காலை வேலை முடிந்து நேராக வந்தவர், காக்கிச் சட்டையோடும் டார்ச் விளக்கோடும் அப்படியே காரில் ஏறி உட்கார்ந்தார். மலையடிவாரம் தாண்டுவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. வளைவுக்கு வளைவு முன்னால் போகிற வண்டிகள் கியரை மாற்றித் திணறிக்கொண்டிருந்தன. அக்காவின் வண்டி ஏறிக்கொண்டே இருந்தது. அவளுக்கு 'ஸ்ஸ்' கேட்கவில்லை, இனியும் கேட்காது. அவள் அவ்வப்போது பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டாள். பின் கார்புரேட்டர் ஒரு மூச்சு தப்பினால்கூட அந்த மனிதர் எழுந்துவிடுவார். அவர் வாயைத் திறந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கினார். அதைவிட நல்ல அளவுமானி யாரிடம் இருக்கிறது?

உச்சியில் எல்லோரும் வண்டியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. செயலாளர் குனிந்து காது கொடுத்துக் கேட்டார்.

"ஒரே மூச்சா ஓடுதேம்மா! கார்புரேட்டரை யார் சமம் பண்ணது?"

கேட்டுவிட்டார். சுற்றியிருந்தவர்களுக்கு அடுத்து வரப்போகிற வசனம் மனப்பாடம். ஒருவர் கால் மாற்றி நின்றுகொண்டார். அக்கா வாயைத் திறந்தாள், நிறுத்தினாள்.

"எனக்குக் காது கேக்கலை சார். அன்னிக்கு உங்க அளவுமானியைக் கிண்டல் பண்ணேன் இல்லே, அதையும் மன்னிச்சிடுங்க. திருகினது என் கைதான். கேட்டது இவரு." பக்கத்து இருக்கையைக் காட்டினாள். காக்கிச் சட்டைக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவரை எல்லோரும் பார்க்கட்டும் என்று அவள் சற்று விலகி உட்கார்ந்தாள். வெல்டிங்கைக் காட்டியபோதும் பச்சை வண்ணத்தைக் காட்டியபோதும் அவள் முகத்தில் இவ்வளவு பெருமை இருந்ததில்லை.

"எழுப்பும்மா, கை குடுக்கணும்" என்றார் செயலாளர்.

அக்கா கணவரைத் தொடவில்லை, கூப்பிடவும் இல்லை. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். அவர் சட்டென்று கண் விழித்து, அவள் முகத்துக்கு நேரே திரும்பிக் கேட்டார்.

"ஏன் நிறுத்திட்டே?"